மீன் செத்து மிதந்தால்தான் விஷமா?

உழவர் கூட்டங்களில் தண்ணீர் மாசு பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருத்தர் எழுந்து கேட்பார்: "எங்க குட்டையில மீன் ஒண்ணும் சாகலையே சார், அப்புறம் தண்ணி நல்லாத்தானே இருக்கு?" நியாயமான கேள்விதான். மீன் மிதக்கவில்லை என்றால் தண்ணீரில் குறையில்லை என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவன். வாராக்கடன் எதுவும் கொடுத்த அன்றைக்கே வாராக்கடனாகத் தெரியாது. கணக்குப் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஈயம், பாதரசம், காட்மியம், செம்பு போன்ற கன உலோகங்கள் மீனுக்குச் செய்வதும் அப்படித்தான். மீன் உயிரோடு இருக்கும், ஆனால் மீனாகப் பிழைக்கத் தெரியாது. அதிலும் முட்டையாகவோ குஞ்சாகவோ இருக்கும்போது பட்டால் பாதிப்பு அதிகம்.

முட்டையிலிருந்தே தொடங்குவோம். மீன் முட்டை தண்ணீரில் விழுந்ததும் நீரை உறிஞ்சி உப்பும். அந்த நேரத்தில் தண்ணீரில் இருப்பதும் கூடவே உள்ளே போகும். கட்லா, ரோகு முட்டைகள் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். கண், இதயம், முதுகெலும்பு எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் உருவாகியாக வேண்டும். கன உலோகம் கலந்த நீரில் முட்டை சரியாக உப்புவதில்லை. குஞ்சு முன்கூட்டியோ தாமதமாகவோ வெளிவரும். உடல் குட்டையாக இருக்கும், இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும், முதுகு வளையும். ஈயமும் காட்மியமும் கால்சியம் போல நடித்து, கால்சியம் நுழைகிற வழியாகவே உடலுக்குள் போய்விடுகின்றன.

அமெரிக்காவில் ஓடை டிரவுட் என்ற மீனை மூன்று தலைமுறை ஈயம் கலந்த நீரில் வளர்த்துப் பார்த்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈயம் அதிகமிருந்த தொட்டிகளில் இரண்டாம் தலைமுறை மீன்களுக்கு முதுகெலும்பு கோணிக்கொண்டது. முதல் தலைமுறையை மட்டும் பார்த்திருந்தால் இந்தச் சேதத்தின் முழு அளவு தெரிந்திருக்காது.

முதுகு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். நடத்தை மாறினால் தெரியாது. நியூ ஜெர்சியில் ஜூடித் வைஸ் என்ற ஆய்வாளர் மம்மிசாக் என்ற சின்ன மீனை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்தார். முட்டைப் பருவத்தில் மெத்தில் பாதரசம் பட்ட குஞ்சுகள், பொரித்த தொடக்க நாட்களில் இரையைப் பிடிப்பதில் பின்தங்கின. 'கொஞ்ச நாள்தானே, தேறிக்கொள்ளும்' என்று தோன்றலாம். ஆனால் மஞ்சள் கரு தீர்ந்து, தானே இரை தேடத் தொடங்குகிற நாட்கள் அவை. அப்போது சாப்பிடத் தெரியாத குஞ்சு பட்டினியில் போகும், அல்லது வேறு மீனுக்கு இரையாகும்.

இனி செம்புக்கு வருகிறேன். இயற்கை உழவர்களாகிய நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட உலோகம் இதுதான்.

மீனுக்கு மூக்குதான் காவல். ஒரு மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கரையும். மற்ற மீன்கள் அதை முகர்ந்ததும் 'ஆபத்து' என்று புரிந்துகொண்டு சட்டென்று ஒடுங்கும் அல்லது சிதறி ஓடும். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் வான் ஃபிரிஷ்தான் 1938இல் இதையும் எழுதினார். நம்ம கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாம் இந்த எச்சரிக்கை முறை கொண்ட கூட்டத்தைச் சேர்ந்தவை.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதி விஞ்ஞானிகள் கோஹோ சால்மன் குஞ்சுகளை மூன்று மணி நேரம் செம்பு கலந்த நீரில் விட்டார்கள். அளவு லிட்டருக்கு வெறும் 2 முதல் 20 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். ஒரு குஞ்சும் சாகவில்லை. ஆனால் எச்சரிக்கை வாசம் வந்தபோது சுத்தமான நீரில் இருந்தவை அசையாமல் ஒடுங்கின. செம்பு நீரில் இருந்தவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. அடுத்து, குஞ்சு தின்னும் டிரவுட் மீன்களோடு சேர்த்து விட்டபோது, செம்பு பட்ட குஞ்சுகள் சீக்கிரமே பிடிபட்டன. 2007இலும் 2012இலும் வெளியான முடிவுகள் இவை.

மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோட்டையும் செம்பு விடுவதில்லை. நீரோட்டத்தையும் பக்கத்து அசைவையும் உணர்கிற நுண்மயிர்ச் செல்கள் அதில் இருக்கின்றன. ஜீப்ரா மீன் குஞ்சுகளில் அந்தச் செல்களைச் செம்பு கொன்றுவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

நாம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு நல்ல தண்ணீர், மீன்குஞ்சின் மூக்கை அடைத்துவிடலாம். இந்தக் கவலையால்தான் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010இல் வாகனப் பிரேக் கட்டைகளில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டன. பிரேக் தேய்ந்த தூள் மழையோடு ஓடைக்குப் போகிறதே, அதற்காக.

நம்ம பக்கம் செம்பு எங்கிருந்து வருகிறது? போர்டோ கலவையிலிருந்துதான். இயற்கை விவசாயச் சான்றிதழ் விதிகளில் அதற்குக் கட்டுப்பாட்டுடன் அனுமதி உண்டு. கொடிக்காலில் வாடல், தென்னையில் குருத்தழுகல், திராட்சையில் அடிச்சாம்பல் என்றால் கை அதற்குத்தான் போகிறது. ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. அப்படியானால் கலவையில் லிட்டருக்கு இரண்டரை கிராம்.

தெளிப்பானின் அடியில் மிஞ்சிய ஒரே ஒரு லிட்டரைக் குட்டையில் கழுவி ஊற்றுகிறோம் என்று வையுங்கள். இரண்டரை கிராம் என்பது 25 லட்சம் மைக்ரோகிராம். அது முழுவதும் கரைந்தால் இரண்டரை லட்சம் லிட்டர் நீரை, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுவரும். 20 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டை முழுவதும்! உண்மையில் அவ்வளவும் கரையாது. சுண்ணாம்பு ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். நீரில் கரைந்த மட்கு இன்னொரு பங்கைக் கட்டிவைக்கும். மட்கு நிறைந்த குட்டைக்கு இந்த விஷயத்தில் தாங்குசக்தி அதிகம். ஆனாலும் செம்பு மக்கிப் போகிற பொருளல்ல. போட்டதெல்லாம் சேற்றில் வரவாகிக்கொண்டே இருக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். பூஞ்சாணம் வருவது மழைக்காலத்தில், தெளிப்பதும் அப்போதுதான். புதுத்தண்ணி கண்டதும் கெண்டையும் அயிரையும் எதிரேறி முட்டையிடுவதும் அதே மழையில். வயலைக் கழுவி வருகிற முதல் வெள்ளம் நேராக முட்டை மேல்தான் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேல் பயிருக்குத் தெளிக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நாமும் நமக்கென்று சில வரம்புகள் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, போர்டோவைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். வடிகால், இடைவெளி, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் இவற்றை முதலில் பாருங்கள். செம்புப் பாத்திரத்தில் மோரைப் புளிக்கவைத்து, நீலம் பாரித்ததும் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் செம்புக் கணக்குதான்.

இரண்டாவது, தேவையான அளவுக்கு மட்டும் கலக்குங்கள். கலப்பதும் கழுவுவதும் குட்டை, வாய்க்கால், கிணற்று ஓரத்தில் வேண்டாம். மேகம் கட்டியிருக்கும்போது தெளிக்க வேண்டாம். குட்டைக் கரையில் புல்லோ வெட்டிவேரோ அகலமாக நிற்கட்டும்.

மூன்றாவது, குஞ்சு விட்டிருக்கும் குட்டையில் பாசிக்காக மயில்துத்தம் போடாதீர்கள்.

நான்காவது, வெளியிலிருந்து வாங்கும் எருவை விசாரியுங்கள். கோழித் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்க்கிறார்கள், அது எருவிலும் வரும். நகரக் கழிவு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு உண்டு: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, செம்பு 300, பாதரசம் 0.15. ஆய்வறிக்கை கேட்பது நம் உரிமை.

கடைசியாக, குஞ்சுகளைக் கவனியுங்கள். காலையில் கரையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நிழல் விழுந்தால் சிதறுகிறதா? தண்ணீர் பாயும் பக்கம் தலை திருப்புகிறதா? தவிடு போட்டால் தேடி வருகிறதா? மந்தமாக இருந்தால் முதலில் ஆக்சிஜன் குறைவா என்று பாருங்கள். அது இல்லையென்றால் தண்ணீரை உலோகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

'ரசாயனம் இல்லை' என்று பலகை வைத்திருக்கிறோம். நம்ம வயலிலிருந்து வெளியே போகிற தண்ணீருக்கும் அந்தப் பலகை பொருந்த வேண்டாமா? மழைக்கு முன்னால் ஒருதரம் உங்கள் தெளிப்பான் எங்கே கழுவப்படுகிறது என்று பார்த்துவிடுங்கள்.