வார்சோ: இடிபாட்டிலிருந்து எழுந்த பழைய நகர்

ரோமாபுரிக்கோ பாரிசுக்கோ செல்லும் யாத்திரிகர், தாம் காணும் பழைய மாளிகைகள் பெரும்பாலும் பழையனவே என நம்பலாம். போலந்தின் தலைநகராகிய வார்சோவில் அந்த நம்பிக்கை பலியாது. விஸ்துலா நதியின் மேற்குக் கரையிலே, பழைய நகரின் சந்தைச் சதுக்கத்தைச் சூழ, 17ஆம், 18ஆம் நூற்றாண்டுக் கோலத்தில் நிற்கும் வீடுகளிற் பெரும்பாலானவை 1953ஆம் ஆண்டளவில் மீளக் கட்டி முடிக்கப்பட்டவை. இதனை அறியாது உலாவுபவர் அழகிய நகரொன்றைக் காண்பார். அறிந்து செல்பவரோ அதனினும் அரியதொன்றைக் காண்பார்.

1944 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஜேர்மானியரின் பிடியிலிருந்து நகரை மீட்கப் போலந்தின் இரகசியப் படை கிளர்ந்தெழுந்தது. போர் 63 நாட்கள் நீடித்தது. ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் வரையான பொதுமக்கள் மாண்டனர் என மதிப்பிடுவர். கிளர்ச்சி அடங்கியதும் எஞ்சியோர் வெளியேற்றப்பட்டனர். பின்னர், ஆளற்ற நகரை வீதி வீதியாகத் தீயிட்டும் வெடிவைத்தும் அழித்தனர். 1945 ஜனவரியில் செஞ்சேனை உட்புகுந்தபோது நகரின் கட்டடங்களில் நூற்றுக்கு 85 பங்கு பாழாகியிருந்தது. தலைநகரை வூட்ஜ் என்னும் நகருக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது.

ஆனால் மக்கள் திரும்பி வந்தனர். 1945 பெப்ரவரியிலேயே புனரமைப்புக்கென ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. அழிந்ததை எதைக்கொண்டு அறிவது? போருக்கு முன்னர், வார்சோ தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர், பழைய வீடுகளை அளந்து படம் வரைந்து வைத்திருந்தனர். ஒரு மாணவப் பயிற்சி, அவ்வளவே! கிளர்ச்சியின் பின் அப்படங்கள் நகரிலிருந்து வெளியே கடத்தப்பட்டு, ஒரு துறவி மடத்தில் ஒளித்துவைக்கப்பட்டதனால் தப்பின. அரண்மனையிலிருந்து தெற்கே செல்லும் அரச வீதிக்கு உதவியவை, 18ஆம் நூற்றாண்டின் அரசவை ஓவியர் பெல்லொட்டோவின் படங்கள். சாளரங்களையும் கதவுகளையும் எண்ணிக்கொள்ளத்தக்க நுணுக்கம் அவற்றிலே உண்டு. எனினும் ஓவியரல்லவா? சிலவற்றைத் தம் எண்ணப்படி திருத்தியும் வரைந்திருந்தார். ஆகவே, போருக்கு முன் ஒருபோதும் அவ்வாறு இராத முகப்புக்களும் இன்று அங்கு நிற்கின்றன.

செங்கற்களிற் பல இடிபாடுகளிலிருந்தே பொறுக்கப்பட்டவை. அவை போதாமையால், போருக்குப் பின் போலந்தின் வசமான வுரொத்ஸ்வாவ் முதலிய நகரங்களின் கட்டடங்களைப் பிரித்தும் செங்கல் கொணர்ந்தனர். ஒரு நகரின் காயத்தை ஆற்ற இன்னொரு நகர் இழந்ததையும் மறத்தலாகாது.

சதுக்கத்திற்கு அண்மையில், 1644இல் எழுப்பப்பட்ட சிகிஸ்மண்ட் மன்னரின் தூண் நிற்கிறது. 1944இல் வீழ்த்தப்பட்ட அது, 1949இல் புதிய கருங்கல் தண்டின்மேல் மீண்டும் நிறுத்தப்பட்டது. பழைய தண்டுகள் அரண்மனையின் அருகே புல்தரையிற் கிடக்கின்றன. அவசியம் அங்கே சென்று பார்த்தல் வேண்டும்.

அரண்மனையின் கதை நெடியது. வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட அதனை மீளக் கட்ட 1971இலேதான் அரசு இசைந்தது. மக்களின் நன்கொடையாற் பணிகள் நடந்தன. போர்க்காலத்திலே நூதனசாலை அலுவலர் உயிரைப் பணயம் வைத்து மீட்ட சிற்பத் துண்டுகள் புதுச் சுவர்களிலே பொருத்தப்பட்டன. 1939 செப்டெம்பர் 17ஆம் திகதி குண்டுவீச்சில் 11.15க்கு நின்றுபோன கோபுரக் கடிகாரம், 1974 ஜூலையில் அதே 11.15க்கு மீண்டும் ஓடத்தொடங்கியது. 1984இல் அரண்மனை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய நகரை யுனெஸ்கோ தாபனம் உலக மரபுரிமையாக ஏற்றது 1980இல்.

இத்துடன் திரும்பிவிடும் யாத்திரிகரே பலர். சற்று மேற்கே நடந்தால் முரானுவ் என்னும் பகுதி வரும். போருக்கு முன்னர் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் யூதர். முரானுவ் அவர்களது குடியிருப்பு. 1943 ஏப்ரலில் அங்கே அடைக்கப்பட்டிருந்த யூதர் ஆயுதமேந்திக் கிளர்ந்தனர். அது முறியடிக்கப்பட்டபின் அப்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. பழைய தெருக்களை அங்கே எவரும் மீளக் கட்டவில்லை. கட்டினாலும் குடியேற அம்மக்கள் இல்லை. இடிபாட்டை முற்றாக அகற்றுதல் இயலாமையால், அதன் மேலேயே புதிய தொடர்மாடி வீடுகளை எழுப்பினர். அதனாலேயே, இன்றும் அவ்வீடுகள் பலவற்றின் வாயிலுக்குத் தெருவிலிருந்து படியேறிச் செல்லவேண்டியிருக்கிறது.