தோளுக்கு உதவி, உடம்புக்குச் சூடா? – புறச்சட்டக உடையும் வெப்ப இதமும்



எஸ்.பி.எம். கருத்து விளக்கக் கட்டுரையில் ‘தொழில்நுட்பத்தின் நன்மை’ என்று தலைப்பு வந்தால், பெரும்பாலும் கைப்பேசி, இணையம் என்றே எழுதிவிடுகிறோம். நம் கெடா தோட்டங்களுக்குப் பொருந்தும் வேறோர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

புறச்சட்டக உடை என்றால் என்ன?

நண்டுக்கு உடலைத் தாங்கும் ஓடு வெளியே இருக்கிறது. அதுபோல மனிதன் உடலுக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் சட்டகமே புறச்சட்டக உடை. சிலவற்றில் மோட்டாரும் பேட்டரியும் உண்டு. சிலவற்றில் வெறும் ஸ்பிரிங்தான். மலாக்காவில் உள்ள பெர்கேசோ மறுவாழ்வு மையத்தில், நடைப்பயிற்சிக்கு ஜப்பானின் ‘ஹால்’ என்னும் உடை பயன்படுகிறது. ஆனால் அது உள்ளரங்கில் நடக்கும் பயிற்சி.

பீடோங், கூலிம் பக்கம் செம்பனைக் குலை வெட்டுபவரை நினைத்துப் பாருங்கள். நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளை உயர்த்தி, அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறார். தோளைத் தாங்கும் உடை கிடைத்தால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் வெயிலை என்ன செய்வது?

உடம்பின் வெப்பக் கணக்கு

தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடுதான் வேலையாகிறது, மற்றதெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற வேர்வை வேண்டும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டுப் போகும். ஆவியாகாமல் சொட்டினால் அந்தப் பலன் இல்லை.

புறச்சட்டக உடை தசையின் வேலையைக் குறைப்பதால் சூடும் சற்றுக் குறையும். அதே நேரத்தில் அதன் பட்டையும் பஞ்சுத் திண்டும் முதுகை மூடி, காற்றைத் தடுத்து, வேர்வையைத் தேக்கிவிடும். உடையின் எடையும் ஒரு சுமையே. ஆக, ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம் என்பதால் செலவுதான் கூடிவிடும் அபாயம் உண்டு.

வடக்கு மாநிலங்களின் வெயில் சாதாரணமானதல்ல. பக்கத்து மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில் 9.4.1998 அன்று 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது.

வடிவமைப்பில் என்ன செய்யலாம்?

1. தோலைத் தொடும் பரப்பைக் குறைப்பது.
2. திண்டுக்கு அடியில் காற்றோடும் வலைத்துணி வைப்பது.
3. மோட்டாரையும் பேட்டரியையும் உடம்பிலிருந்து தள்ளி வைப்பது. முடிந்தால் ஸ்பிரிங்கே போதும்.
4. வெயிலில் காயும் உலோகப் பாகம் தோலில் படாமல் மறைப்பது.
5. ஓய்வு நேரத்தில் சட்டென்று கழற்ற வசதி செய்வது.

சோதனையும் முக்கியம். குளிரூட்டிய அறையில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தவருக்கு இதமாக இருக்கலாம். தோட்டத்தில் காலை முழுக்கப் போட்டவருக்குக் கசகசவென்று இருக்கும். தோட்டத்துச் சோதனையில் வெப்பநிலை மட்டும் பார்த்தால் போதாது. ஈரப்பதம், காற்று, வெயிலின் கதிர் வெப்பம் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

வெப்ப இதம் என்பது சொகுசு அல்ல. புழுக்கம் தாங்காமல் தொழிலாளி உடையைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டிவிட்டால், தோள்வலி அப்படியே இருக்கும். செலவழித்த பணமும் வீண்.

மாணவர்களே, கட்டுரையில் நன்மையை மட்டும் அடுக்காதீர்கள். ‘யாருக்கு, எந்த இடத்தில், எந்த நிலையில் நன்மை?’ என்று கேட்டு எழுதுங்கள். ஆசிரியர்கள் இதை அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடவேளையில் கலந்துரையாடலாம்.