மருத்துவமனை நிர்வாகத்தில் மக்கள் பிரதிநிதிகள்

1993-இல் அமலுக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்த்தது. 1994-இல் இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் ‘ரோகி கல்யாண் சமிதி’ என்னும் நோயாளர் நலச் சங்கம் தோன்றியது. 2005-இல் தொடங்கப்பெற்ற தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் இம்முறையை நாடெங்கும் பரப்பியது.

பஞ்சாயத்துப் பிரதிநிதிகளும் அங்கம் வகிக்கும் இச்சங்கம், மருத்துவமனையில் வசூலாகும் கட்டணத்தை அங்கேயே செலவிடலாம். பழுதான கருவியைச் சீர்செய்ய மேலிட உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும், அக்கட்டணமே ஏழை நோயாளியை வாயிலிலேயே தடுத்துவிடலாகாது. யாருக்கு விலக்கு, எதற்குச் செலவு என்று கூட்டத்தில் வினவுவது, வாக்குப் பெற்று வந்த உறுப்பினரின் கடமையாகும். கூட்டம் முறையாகக் கூடி, கணக்கு மக்கள் பார்வைக்கு வந்தாலன்றி அவரது பதவி பெயரளவிலேயே நிற்கும்.