ஆசிரியைக்கு ஏற்ற உடை எது?

அண்மையில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "டீச்சர், சுடிதார் போட்டுட்டு வரக்கூடாதுங்காங்க. சேலைதான் மரியாதையாம். அப்படிச் சட்டம் எதுவும் இருக்கா?" என்று கேட்டாள். நான் முப்பது ஆண்டுகள் சேலை கட்டிக்கொண்டு கரும்பலகை முன் நின்றவள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களும் தாளாளர்களும் நம் பங்குகளில் பலர் இருப்பதால் இது பலருக்கும் பயன்படலாம்.

முதலில் அந்தப் பெண் கேட்ட சட்டம். 2019-ஆம் ஆண்டு தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களின் உடை குறித்து ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்கள் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவற்றில் எதையும் அணியலாம். ஆண்கள் சட்டையுடன் பேண்ட் அணியலாம், தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியும் உடுத்தலாம். அரசின் தலைமை அலுவலகத்திலேயே சுடிதார் கண்ணியமான உடைதான் என்பது அதிலிருந்து தெளிவாகிறது. பிறகும் பள்ளிகளில் பிரச்சினை ஓயவில்லை. 2023-ல் பள்ளிக்கல்வித் துறை அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி, ஆசிரியைகள் சுடிதார் அணிந்து பள்ளிக்கு வரலாம் என்று விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அமைச்சரே சொல்லும் அளவுக்கு விஷயம் போயிருக்கிறது என்றால், எழுதப்படாத விதி எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்று பாருங்கள். தனியார் பள்ளிகளிலோ பெரும்பாலும் நிர்வாகம் சொல்வதுதான் விதி.

பக்கத்து மாநிலமான கேரளத்திலும் இதே கதைதான். அங்கே உயர்கல்வி அமைச்சராக இருந்த ஆர். பிந்து, ஆசிரியர்கள் தங்களுக்கு வசதியான உடையை அணியலாம், சேலையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2021 நவம்பரில் தெளிவாக்கினார். அவரே கல்லூரியில் பாடம் நடத்தியவர். சுடிதார் அணிந்துதான் வகுப்புக்குப் போனதாகவும் சொன்னார். அசாம் அரசு 2023-லும் மகாராஷ்டிர அரசு 2024-லும் ஆசிரியர் உடைக்கு விதி வகுத்தன. இரண்டுமே டி-சர்ட்டையும் ஜீன்ஸையும் விலக்கின. இரண்டுமே சேலையோடு சல்வாரையும் ஏற்றுக்கொண்டன. அசாமில் கூடுதலாக அந்த மண்ணின் மேகலா சாதர் உண்டு. ஒரு மாநிலத்தில் மரியாதை என்பது இன்னொரு மாநிலத்தில் யாருக்கும் தெரியாத துணியாக இருக்கிறது.

சுடிதார் வடக்கிலிருந்து வந்தது, சேலைதான் நம்முடையது என்கிறார்கள். சரி. அப்படியானால் பேண்ட் எங்கிருந்து வந்தது? எங்கள் தாத்தா காலத்து வாத்தியார்கள் வேட்டியும் தோளில் துண்டுமாகத்தான் பள்ளிக்கூடம் வந்தார்கள். அவர்களின் பேரன்கள் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு வருகிறார்கள். ஆண் ஆசிரியர் முழுக்க மாறிவிட்டார். அதனால் தமிழ்ப் பண்பாடு அழிந்துபோனதாக யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. பண்பாட்டைச் சுமக்கும் பொறுப்பு மட்டும் ஆசிரியையின் தோளுக்கு, ஊக்குக் குத்தி, வந்து சேர்ந்துவிட்டது.

பேண்ட் பக்கமும் ஒரு வேடிக்கை நடந்தது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், வேட்டி கட்டி வந்ததற்காகச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே வேட்டி அணிந்தவர்களைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நீதிபதியின் வேட்டியே தகுதியற்ற உடை ஆகுமென்றால், 'தகுதியான உடை' என்ற சொல்லைச் சொல்லும்போது நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நம் தென்பகுதி மக்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் அன்றைய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டு அரை நூற்றாண்டு போராடினார்கள். அடி வாங்கினார்கள், ஆலயங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. கடைசியில் 1859 ஜூலை 26-ல் மன்னர் ஓர் அறிவிப்பு விட்டார். அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் சட்டை அணியலாம், கடற்கரை முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல மட்டும் உடுத்தக் கூடாது என்றது அது. மானத்தை மறைக்க அனுமதி கிடைத்தது, சமமாகத் தோன்றக் கிடைக்கவில்லை. அந்த விதியில் இருந்த கவலையெல்லாம் யார் யாருக்குக் கீழே என்பதுதான். இன்று ஒரு பள்ளியில் உடை விதி எழுத உட்காருபவர்கள் இந்த அறிவிப்பை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

திருச்சபைக்குள்ளும் உடைச் சண்டை நடந்திருக்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார், கட்டைச் செருப்பு அணிந்தார். முத்துக்குளித்துறையைச் சேர்ந்த பரதவர்களுக்காக அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் இதை ஏற்கவில்லை. மேலிடத்துக்கு முறையீடு போனது. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 1623-ல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி நொபிலியின் முறைகளுக்கு அனுமதி தந்தார். பொதுவாக நாம் கதையை இத்துடன் முடித்துவிடுகிறோம். ஆனால் நொபிலி தேர்ந்தெடுத்தது மேல்சாதியார் மதிக்கும் உடை. அதைக் காப்பாற்றுவதற்காக அவர் பரதவக் கிறிஸ்தவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒருவரிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் உடை இன்னொருவரிடமிருந்து நம்மைப் பிரித்துவிடவும் கூடும்.

2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் துறவற வாழ்வின் புதுப்பித்தல் குறித்து வெளியிட்ட விதித்தொகுப்பில் துறவியரின் உடைக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. எளிமை, அடக்கம் ஆகியவற்றோடு உடல்நலம், காலம், இடம், செய்யும் பணியின் தேவை ஆகிய எல்லாவற்றுக்கும் உடை பொருந்த வேண்டும் என்கிறது அது. பொருந்தாத உடையை மாற்றவும் சொல்கிறது. அதன்பின் நம் நாட்டில் பல சபைகளின் அருட்சகோதரிகள் கனத்த அங்கியை விட்டுச் சேலைக்கு மாறினார்கள். அன்னை தெரேசா அதற்கும் முந்தியவர். கொல்கத்தாவில் லொரேட்டோ சபைப் பள்ளியில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்தபோது அந்தச் சபையின் அங்கியை அணிந்தார். சேரிக்குப் பணி செய்யப் போனபோது, 1948 ஆகஸ்டில், நீலக்கரை போட்ட மலிவான வெள்ளைச் சேலையை உடுத்தினார். பெண் அதே பெண்தான், வேலை மாறியது, உடையும் மாறியது.

ஆக, வேலைக்கு ஏற்ற உடை என்பதுதான் நேர்மையான அளவுகோல் என்று எனக்குப் படுகிறது. நம் ஊர் உப்பளங்களைப் பாருங்கள். உப்பு வாரும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள், தலையில் துணி கட்டுகிறார்கள். வெயில் மேலேயிருந்தும் அடிக்கிறது, பாத்தியிலிருந்து திரும்பியும் அடிக்கிறது. உப்பு நீர் பட்டால் தோல் எரியும். அந்தச் சட்டையை யாரும் ஒழுக்கக்குறைவு என்று சொன்னதில்லை. வேலை கேட்டது, உடுத்தினார்கள்.

ஆசிரியையின் வேலை என்ன கேட்கிறது? திருச்செந்தூர் – தூத்துக்குடி பேருந்தில், சஷ்டி, விசாகம் என்றால் நிற்கவே இடமில்லாத கூட்டத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மாடிப்படி ஏற வேண்டும். கையை உயர்த்திக் கரும்பலகையின் மேல்வரி வரைக்கும் எழுத வேண்டும். முதல் வகுப்புக் குழந்தை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். ஸ்கூட்டரில் வருகிறவர்கள் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது வெறும் பயமல்ல. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதியாவது மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது வகுப்பறைக்குள் கைபேசி வந்துவிட்டது. பலகையில் எழுதத் திரும்பும்போது யாராவது படம் எடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தோடு இளம் ஆசிரியைகள் நிற்கிறார்கள். சுடிதார் கேட்பதற்கும், சேலைமேல் கோட் கேட்பதற்கும் அவர்கள் சொல்லும் காரணங்களில் இது முக்கியமானது. அவர்கள் கேட்பது நாகரிகத்தை அல்ல, மன நிம்மதியை. சுடிதாரில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வேதியியல் ஆய்வகத்தில் பர்னர் பக்கத்தில் துப்பட்டாவும் முந்தானையும் ஒன்றுதான். இரண்டையும் மடக்கிக் குத்த வேண்டும்.

சேலை வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் இல்லாமலில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் பிளஸ் டூ மாணவிகள் நடுவில் நின்றால் யார் ஆசிரியை என்று தெரியாது. சேலை அங்கே உதவுகிறது. எனக்கும் உதவியது, மறைக்கவில்லை. ஆசிரியைகள் அனைவருக்கும் ஒரே நிறச் சேலை என்ற ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு: யார் பட்டு உடுத்தினார்கள், யார் போன வாரச் சேலையையே கட்டி வந்தார்கள் என்ற பேச்சு நின்றுபோகும். ஆனால் அதற்கு யார் காசு கொடுப்பது? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சீருடைச் சேலையின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தச் சம்பளம் எவ்வளவு என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணும் செலவும் நேரமும் வேறு. ஆயாவுக்கும் அதே விதிதான். கழிப்பறை கழுவும் அந்த அம்மா, கொடுத்த சேலை நனைந்தால் மாற்றுச் சேலை இல்லாமல் ஈரத்தோடு நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவருடைய வேலைக்கு ஏற்ற உடை எது என்று யாரும் கேட்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

இந்த விவாதத்தில் திருமண உடை இல்லாமல் விருந்துக்கு வந்தவன் பற்றிய உவமையை இழுப்பவர்கள் உண்டு. அந்த உவமை துணியைப் பற்றியதல்ல. துணியைப் பற்றியே பேசும் பகுதி வேண்டுமென்றால் யாக்கோபு திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம். பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கை கொடுத்து, அழுக்கு உடையில் வந்த ஏழையை நிற்க வைக்கும் சபையைப் பார்த்து அவர் கேட்கும் கேள்வி, நம் பள்ளி அலுவலகங்களுக்கும் பொருந்தும். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட உப்பளத்திலிருந்து நேராக வந்த ஒரு தாய், சேலைமேல் போட்ட சட்டையைக் கழற்றவும் இடமில்லாமல், உள்ளே வரவும் கூசிக்கொண்டு கேட் பக்கத்திலேயே நின்றார். அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தான் உடுத்தியிருப்பது அந்த இடத்துக்குச் சேராது என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அந்த இளம் ஆசிரியைக்கு மறு ஞாயிறு பதில் சொன்னேன். சேலைதான் கட்ட வேண்டும் என்று அரசு எங்கும் சொல்லவில்லை, ஆனால் தனியே போய்ச் சண்டை போடாதே, மற்ற ஆசிரியைகளையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கேள் என்றேன். நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் அதிகமில்லை. விதி வேண்டுமென்றால் எழுதி வையுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுதுங்கள். எழுதும் முன், அதை உடுத்தப்போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஆயாவையும் சேர்த்து. சீருடை என்றால் பள்ளியே வாங்கிக் கொடுக்கட்டும். கருவுற்றவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் விலக்குக் கொடுங்கள், அதற்காக அவர்களைக் கெஞ்ச வைக்காதீர்கள். ஜூனில் பள்ளி திறந்தபிறகு சொன்னால் துணி எடுத்துத் தைக்க நேரமிருக்காது. ஏப்ரல் மாத ஆசிரியர் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடலாம்.