பத்ரிநாதனைக் கண்ணாரக் காண

திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த வதரியாச்சிரமம், இன்று பத்ரிநாத் என வழங்கும் திவ்யதேசம். சுமார் 3,100 மீட்டர் உயரத்தில், இமயமலையில் அமைந்துள்ளதால் அங்கே விடியற்காலைக் குளிர் கோடையிலும் கடுமையாக இருக்கும். கம்பளியால் முகத்தை மூடிச் செல்லும் முதிய அன்பர்களுக்கு மூக்குக்கண்ணாடி அடிக்கடி மங்கிவிடும்.

வெளிவிடும் மூச்சின் ஈரம் மேலெழுந்து, குளிர்ந்த கண்ணாடியில் நுண்துளிகளாகப் படிவதே இதற்குக் காரணம். தப்த குண்டத்து வெந்நீரின் ஆவியும் அவ்வாறே படியும். ஈரப் படிகளில் பார்வை மறைந்தால் கால் இடறக்கூடும்.

புறப்படுமுன் கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் உலரவிட வேண்டும். அதன் மெல்லிய படலம் துளிகள் திரளாமல் தடுக்கும். கம்பளியின் மேல்விளிம்பை மூக்கின் மீது இழுத்துப் படியவைத்து, அதன்மேல் கண்ணாடியை அணிய வேண்டும். மோவாய்ப் பக்கம் சற்றுத் தளர்வாக இருந்தால் மூச்சு கீழ்நோக்கி வெளியேறும்.

அப்படியும் மங்கினால் நடந்துகொண்டே துடைக்கலாகாது. கைப்பிடியைப் பற்றி நின்று, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்த பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். சந்நிதிக்குள் நுழையுமுன்னும் ஒருமுறை துடைத்துக்கொள்வது நன்று. அத்தனை தூரம் கடந்து சென்றவர்களுக்குக் கிட்டும் தரிசனமோ சில நொடிகளே. அந்நொடிகளில் பெருமானின் திருமுகம் தெளிவாகத் தெரிய வேண்டாமா?