நாகப்பட்டினம் எத்தனை மணி வழி?

தொலைவைக் காலத்தால் அளப்பது தமிழரின் பழைய வழக்கம். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் நடந்து கடக்கும் தூரத்தை ‘நாழிகை வழி’ என்றனர். கோல சிலாங்கூருக்கும் தமிழகத்துக்கும் இடையிலுள்ள தொலைவையும் அவ்வாறே அளந்து பார்ப்போம்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, பினாங்கு வழியாக இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் அப்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் நீண்டது. தாய் இறந்த செய்தி தந்தியில் உடனே வந்தாலும், மகன் இறுதிக் கடனுக்குப் போய்ச் சேர இயலாது.

இன்று கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். ஓடுபாதையில் செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் சேர்த்து, விமானப் பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம். ஆயினும் இங்கே காலை 10க்குப் புறப்படும் விமானம், சென்னைக் கடிகாரத்தில் 11.30க்கு இறங்குகிறது. அங்கே காலை 10க்குப் புறப்படுவது இங்கே மாலை 4.30க்கு வருகிறது. போக ஒன்றரை மணி, வர ஆறரை மணி என்று மாணவர் கணக்கிடுவதுண்டு. இரண்டும் பிழை.

காரணம், இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள இரண்டரை மணி வேறுபாடு. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். கோலாலம்பூரும் சென்னையும் ஏறத்தாழ 21 பாகை விலகியிருப்பதால், சூரியக் கணக்கில் வேறுபாடு ஒன்றரை மணிக்கும் குறைவே. ஆனால் இந்தியா 82.5 பாகைத் தீர்க்கரேகையையும், மலேசியா 120 பாகைத் தீர்க்கரேகையையும் அடிப்படையாகக் கொண்ட நேரத்தைப் பின்பற்றுகின்றன. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன் வேறுபாடு 2 மணியே. நம் பிள்ளைகள் இருள் பிரியுமுன் பள்ளிக்குக் கிளம்புவதற்கும் இதுவே காரணம்.

இக்கணக்கு எங்கே பயன்படும்? காலை 6க்குத் துயரச் செய்தி வருகிறது. பயண அனுமதியும் இருக்கையும் கிடைத்துவிட்டன என்று கொள்வோம். சிப்பாங் விமான நிலையம் செல்ல ஒன்றரை மணி, அங்கே காத்திருப்பு 3 மணி, பறப்பது 4 மணி, சென்னையில் குடிநுழைவுச் சோதனைக்கு ஒரு மணி, நாகப்பட்டினத்துக்குச் சாலைவழி ஆறரை மணி. ஆக 16 மணி நேரம். வானில் கழிவது அதில் கால் பங்கே. நம் கடிகாரத்தில் அப்போது இரவு 10. இரண்டரை மணியைக் கழித்தால், நாகப்பட்டினத்தில் இரவு 7.30. தவறாகக் கூட்டினாலோ நள்ளிரவு 12.30 ஆகிவிடும். 7.30 என்றால் காத்திருக்கும் உறவினர், 12.30 என்றால் காத்திராமற் போகலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம். பயண நேரம் முழுவதையும் முதலில் புறப்படும் ஊரின் கடிகாரத்திலேயே கூட்டுக. பிறகு, சேரும் ஊரின் நேரத்துக்கு ஒரே முறை மாற்றுக. மேற்கே செல்கையில் கழித்தல். கிழக்கே திரும்புகையில் கூட்டல்.