தலைப்பும் மணைப்பலகையும்

வலங்கைமான் மகாமாரியம்மன் கோயில் திருவிழாவைப் பற்றி ஒருவர் வீட்டிலிருந்தபடியே இணையதளம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடும் நோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டபடி பாடையில் படுத்து வரும் பங்குனிப் பாடைக் காவடியைப் பார்க்க நினைக்கும் வெளியூர்க்காரர் அந்தத் தளத்தைச் செல்பேசியில் திறக்கிறார். திருவிழா என்றைக்கு, கும்பகோணத்திலிருந்து எப்படி வருவது, எங்கே தங்குவது என்ற மூன்றும்தான் அவருக்குத் தெரியவேண்டும். பக்கத்தின் உச்சியிலோ சிவப்பும் மஞ்சளுமாக, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிய அரிய தகவல்கள்’ என்று நான்கு வரித் தலைப்பு. கீழே இடைவெளியே இல்லாமல் எழுத்து. நாலைந்து முறை தள்ளிப் பார்த்துவிட்டு அவர் மூடிவிடுகிறார். அந்தப் பக்கத்தை எழுதியவரோ சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் கால் தொங்க உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார். வாசகரின் சலிப்பும் எழுதியவரின் கழுத்துவலியும் ஒரே குறையிலிருந்து பிறந்தவை. சட்டகத்தைச் சரிசெய்யாமல் மேற்பூச்சில் உழைப்பைக் கொட்டியதுதான் அந்தக் குறை. வீட்டிலிருந்து தளம் நடத்துகிறவர் முதலில் கவனிக்க வேண்டியவை தலைப்பின் ஒழுங்கும் உட்காரும் ஒழுங்கும்தான். நிறம், படம், அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

தலைப்பின் அருமையைச் சொல்ல வெகுதூரம் போகவேண்டாம். உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊரான உத்தமதானபுரம் இதே வலங்கைமான் வட்டத்தில்தான் இருக்கிறது. அவர் கையாண்ட ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எது மூலம், எது உரை, எது உரைக்குள் வரும் மேற்கோள் என்று காட்டும் அடையாளமும் இல்லை. அந்தக் காட்டை வெட்டி வழிசெய்துதான் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டி, நூலாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி என்று வாசகன் நுழைவதற்குப் பல வாசல்கள் வைத்தார். பாட்டு மாறவில்லை, அதற்குள் நுழையும் வழி திறந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நூலுக்கே இவ்வளவு தேவைப்பட்டதென்றால், பேருந்தில் நின்றபடி செல்பேசியில் படிக்கும் வாசகனுக்கு எவ்வளவு தேவைப்படும்!

இணையப் பக்கத்தில் அந்த வாசலை வைக்க ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. எச்டிஎம்எல் மொழியில் எச்-1 முதல் எச்-6 வரை ஆறு நிலைத் தலைப்புகள் உண்டு. பக்கத்தின் பெயர் முதல் நிலை, பகுதிகள் இரண்டாம் நிலை, பகுதிக்குள் பகுதி மூன்றாம் நிலை. பெரும்பாலோர் இதைத் தொடாமல், வரியைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கி அளவைக் கூட்டிவிட்டு, தலைப்பு போட்டாயிற்று என்று நினைக்கிறார்கள். ‘பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது, இதில் என்ன வேறுபாடு?’ என்று கேட்பார்கள். பார்க்கிறவருக்கு வேறுபாடு இல்லைதான். பார்வையற்றவர்களோ திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் குரல்வழியே பக்கத்தைக் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மென்பொருளில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். நீண்ட பக்கத்தில் தேடுவதைக் கண்டுபிடிக்க அவர்களில் பலர் முதலில் நாடும் வழி இதுதான். வெறுமே தடித்த எழுத்தாக்கிய வரியை அந்த மென்பொருள் தலைப்பாக எண்ணாது. தாவ இடமில்லாமல் அவர் பக்கம் முழுவதையும் கேட்டாக வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அதை நிரப்பாவிட்டால், மென்பொருள் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தடுமாறக்கூடும்.

எழுத்தின் தோற்றத்திலும் தமிழுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. ஆங்கிலத் தளங்களைப் பார்த்து அதே அளவுகளை எடுத்துப் போடுவதால் வரும் கோளாறு கொஞ்சமல்ல. நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு கிடையாது. சாய்வெழுத்து மரபும் இல்லை. தலைப்பைத் தனித்துக் காட்ட அளவு, கனம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய மூன்றே துணை. இதில் கனத்தை அளந்து போடவேண்டும். சில எழுத்துருக்களில் தடித்த வடிவம் தனியாக வரையப்பட்டிராது. உலாவி தானே எழுத்தைப் பருக்கவைக்கும். அப்போது சுழிகள் அடைபடுகின்றன. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் சிறிய திரையில் ஒன்றாகத் தெரியும். ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று கண் தடுமாறும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் சொல் சிதறி, கண் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிவரும். மேலே ஏறும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘மூ’வும் அடுத்தடுத்த வரிகளில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, வரியிடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள மாறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய தலைப்புக்கு 3க்கு 1 என்பது உலக அணுகல் விதி. மஞ்சள்மேல் வெள்ளை அதில் எந்த வகையிலும் தேறாது. நம் சொற்கள் நீளமானவை என்பதால் தலைப்பைச் சுருக்கி எழுதுவதுதான் முதல் அலங்காரம். ‘பாடைக் காவடி: எந்த நாள், எந்த வழி’ என்று போட்டால் செல்பேசியில் இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

‘இனி யார் தளத்தைப் பார்க்கிறார்கள்? எல்லாம் முகநூலும் வாட்ஸ்அப்பும்தானே’ என்ற கேள்வியில் நியாயம் உண்டு. கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே போட்டது நாலு நாளில் அடியில் போய்விடும். போன பங்குனிக்கு எழுதியதை இந்தப் பங்குனியில் தேடி எடுப்பது பெரும்பாடு. முகவரியும் வழியும் நேரமும் ஓரிடத்தில் நிலையாக இருக்கவேண்டியவர்களுக்குத் தளம்தான் வீடு. வலங்கைமான் வெடிக்கடைக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாசை இணையத்தில் விற்க உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. கடை எங்கே, எப்போது திறக்கும் என்று சொல்லத் தடையில்லை. அதற்கு ஒரு பக்கமும் மூன்று தலைப்பும் போதும்.

நிலையாக இருக்கவேண்டிய தளத்துக்கு அதை நடத்துகிறவரும் நிலைத்திருக்க வேண்டுமே! இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருப்பது, மனத்தின் இறுக்கம். முந்நூறு ஆண்டு கழித்தும் அதில் ஒன்றைக்கூட அடிக்க முடியவில்லை. நாம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம், அது லேப்டாப். திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், திரை கண்ணுக்கு நேராக வந்தால் கை தூக்கிக்கொள்ளும். கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து தொங்கும். தலை நேராக இருக்கையில் ஏறத்தாழ 5 கிலோ பாரம். 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பு 27 கிலோ அளவு விசையைத் தாங்கவேண்டும் என்று நியூயார்க் மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்கிட்டார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, நோயாளிகளை அளந்து கண்டதல்ல என்று மறுப்போர் உண்டு. இலக்கத்தை விட்டுவிடலாம், குனியக் குனிய பாரம் கூடும் என்பது மறுக்க முடியாதது.

பரிகாரத்துக்கு விலையுயர்ந்த நாற்காலி தேவையில்லை. நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும், ஒரு கை நீளம் தள்ளியிருக்கட்டும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள், செலவு அது ஒன்றுதான். சாப்பாட்டு மேசை பொதுவாக இரண்டரை அடி உயரம். முழங்கை மேசைமட்டத்துக்கு வர நாற்காலியில் தலையணை போட்டால் கால் தரையைத் தொடாது. அங்கேதான் மணைப்பலகை வேண்டும். பரணில் கிடப்பதை இறக்கிக் காலடியில் போட்டால் தொடை அழுந்தாது, முதுகு தானாகப் பின்னால் சாயும். முற்றத்து வெளிச்சம் திரைக்கு எதிரேயோ பின்னாலேயோ வராமல் பக்கவாட்டில் விழும்படி உட்காரவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு. கூடத்திலிருந்து வாசல் வேப்பமரம் அந்தத் தொலைவில் இருந்தால் அதுவே போதும்.

‘தாத்தா தரையில் உட்கார்ந்துதானே ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதினார்’ என்பார்கள். எழுதினார், ஆனால் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் சாய்வு மேசை இருந்தது. தாள் கண்ணை நோக்கி எழும்பி நின்றது, கழுத்து அதைத் தேடிப் போகவில்லை. தரையில் உட்காருவது குற்றமே அல்ல; தரையில் உட்கார்ந்து மடியில் திரையை வைத்துக் குனிவதுதான் கெடுதல். தரைதான் பழக்கம் என்றால் ஒரு முக்காலியின்மேல் திரையை ஏற்றுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தளத்திலுள்ள ஒரு பக்கத்தின் தலைப்புகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, அந்தப் பக்கத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அதை வைத்தே பக்கத்தில் என்ன இருக்கிறதென்று அவர் சொல்லிவிட்டால் தலைப்புகள் தேறிவிட்டன. சொல்ல முடியாவிட்டால் திருத்த உட்காருங்கள், காலடியில் மணைப்பலகையைப் போட்டுக்கொண்டு.